கடலோரத்தில் ஒரு கலைக்குடி: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்

நீலகிரி மலையின் அடிவாரத்தை ஒட்டிய சமவெளியில் அமைந்த கோயம்புத்தூர், பருத்திக்கும் ஆலைகளுக்கும் பெயர்பெற்ற அளவுக்கு ஓவியத்துக்குப் பெயர்பெற்ற நகரம் அன்று. ஆயினும் தென்னாட்டு நவீன ஓவியத்தின் போக்கைத் திருப்பிவிட்ட ஒருவர் அந்நகரில்தான் 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்தார். கே.சி.எஸ். பணிக்கர் என்று கலையுலகம் அறிந்த அவருடைய தாய்மொழி மலையாளம். இளமைக் கல்வியின் ஒரு பகுதி பொன்னானியில் கழிந்தது. பாரதப்புழை கடலில் கலக்கும் அவ்வூரின் நீர்நிலைகளும் தென்னஞ்சோலைகளும் பச்சை வயல்களும் பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தூரிகை எடுக்கச் செய்தன. பதினேழாம் வயதிலேயே அவருடைய நீர்வண்ண நிலக்காட்சிகள் சென்னை நுண்கலைக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன.

இத்தகைய தொடக்கம் வாய்த்தவர் நேரே ஓவியப் பள்ளிக்குச் சென்றிருப்பார் என்றுதான் எவரும் எண்ணுவர். பணிக்கருக்கு அது வாய்க்கவில்லை. குடும்பச் சுமை தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பைக் கைவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட காலம் ஓர் ஓவியனுக்குக் கண்ணும் கையும் ஒருங்கே பழகும் காலம். அவ்வாண்டுகளைப் பணிக்கர் பிறருடைய செய்திகளைக் கடத்தும் அலுவலில் செலவிட நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் செய்த அரும்பணியின் வேரை இங்கேதான் தேட வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காகக் கலையை மாலைப்பொழுதுக்கும் விடுமுறை நாளுக்கும் ஒதுக்கிவைப்பதன் துயரத்தை அவர் நூல்களில் படித்து அறிந்தவரல்லர்.

1936இல் வேலையை உதறிவிட்டுச் சென்னை அரசினர் கலைத் தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் நிறுவிப் பின்னர் அரசு ஏற்று நடத்திய அப்பள்ளி, நாட்டின் பழமையான கலைப் பள்ளிகளுள் ஒன்று. அப்போது அதன் தலைமையில் இருந்தவர் வங்கத்துச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. ஆசிரியரின் உறுதியான உருவமைப்பையும் தூரிகைத் திறனையும் மாணவர் கற்றார். ஆசிரியரின் நிழலில் தங்கிவிடவில்லை. 1940இல் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டே அதே பள்ளியில் ஆசிரியரானார்.

1944இல் பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். கல்கத்தாவில் அதற்கு முந்திய ஆண்டில் ஒரு கலைஞர் குழு உருவாகியிருந்தது. பம்பாயில் சூசா, ரசா, உசேன் முதலியோர் கூடிய முற்போக்குக் கலைஞர் குழு 1947இல்தான் தோன்றியது. இந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை எழுதுவோர் பம்பாய்க் குழுவுக்குப் பக்கங்களை ஒதுக்கிச் சென்னைச் சங்கத்தை ஒரு வரியில் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. பம்பாய்க் குழு சில ஆண்டுகளில் கலைந்தது. சென்னைச் சங்கமோ ஒரு தலைமுறைக்கும் மேலாக இயங்கியது.

அக்காலச் சென்னையில் இசைக்குச் சபாக்கள் இருந்தன. நாடகத்துக்கு மேடைகள் இருந்தன. ஓவியத்தை மக்கள் பார்ப்பதற்கென்று நிலையான கூடங்கள் மிகச் சிலவே. எனவே கண்காட்சி என்பது ஒவ்வொரு முறையும் ஓவியர்கள் தாமே கூடி உண்டாக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. இடம் தேடுவது, சட்டம் அடிப்பது, ஓவியங்களைச் சுமந்து செல்வது, எதை எதற்கு அருகில் மாட்டுவது என்று வழக்காடித் தீர்மானிப்பது, அழைப்பிதழ் அனுப்புவது, வந்தவருக்கு விளக்குவது ஆகிய அனைத்தும் அவர்கள் கையில். தன் ஓவியம் சுவரின் நடுவில் இருக்க வேண்டும் என்று விரும்பாத ஓவியன் இல்லை. அந்த விருப்பத்தை அடக்கிப் பக்கத்தில் தொங்கும் படத்துக்கு இடம்விடக் கற்றுக்கொள்வது ஒரு பயிற்சி. பின்னர் ஓர் ஊரையே கூடி உண்டாக்கப் போகிறவர்களுக்கு அது தேவையான பயிற்சியாகவும் அமைந்தது.

1954இல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். லண்டனிலும் பாரிசிலும் அவருடைய தனிக்கண்காட்சிகள் நடைபெற்றன. வான்கோ, கோகின் ஆகியோரின் மூலப்படைப்புகள் அவரிடம் ஆழ்ந்த தடத்தைப் பதித்தன. ஊர் திரும்பிய பின் தீட்டிய தோட்ட வரிசை ஓவியங்களில் அத்தடம் புலப்படுகிறது. அஜந்தாச் சுவரோவியங்களின் கோட்டழகும் அவற்றில் உண்டு. எனினும் மேலைநாட்டாரின் மொழியை அவர்களைவிட நன்றாகப் பேசிக் காட்டுவதில் பெருமை இல்லை என்ற எண்ணம் அவருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. இந்திய ஓவியன் நவீனனாகவும் இருக்க வேண்டும், தன் மண்ணைச் சார்ந்தவனாகவும் இருக்க வேண்டும். இது எவ்வாறு கூடும் என்ற கேள்வி சங்கத்தின் கூட்டங்களிலும், 1961 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழிலும் ஓயாது விவாதிக்கப்பட்டது. அவ்விதழைப் பேணி வளர்த்தவர் ஜோசப் ஜேம்ஸ். கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த அவர், ஓவியர்களுக்கு வாய்த்த மிகச் சிறந்த திறனாய்வாளர்களுள் ஒருவர்.

அக்கேள்விக்குப் பணிக்கர் தம் திரையிலேயே ஒரு விடை கண்டார். 1963 அளவில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசைதான் அது. முதலில் கணிதக் குறிகள், எண்கள், உரோமானிய எழுத்துகள். பிறகு அவற்றின் இடத்தை மலையாள எழுத்தின் வளைவுகள் பிடித்துக்கொண்டன. சாதகக் கட்டங்களும் பஞ்சாங்கக் குறிப்புகளைப் போன்ற பத்திகளும் விலங்கு, பறவை, மனித உருவின் சுருங்கிய வடிவங்களும் ஒரே தளத்தில் வந்து குடியேறின. அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள்காண முயல்பவர் ஏமாறுவார். படிப்பதற்காக அவை எழுதப்படவில்லை. பழைய ஏட்டுச்சுவடியைப் பார்க்கும் எழுத்தறியாக் கிழவிக்கு அதன்மேல் எழும் மதிப்பு எத்தகையதோ, அத்தகைய உணர்வை அவை பார்ப்பவரிடம் எழுப்புகின்றன.

ஓவியர் என்ற முறையில் பணிக்கரின் புகழ் இந்த வரிசையைச் சார்ந்து நிற்கிறது. மனிதர் என்ற முறையில் அவர் இதே ஆண்டுகளில் செய்த மற்றொரு பணி இதற்குச் சற்றும் குறைந்ததன்று.

1957இல் அவர் பள்ளியின் முதல்வரானார். ஆண்டுதோறும் பட்டயம் பெற்று வெளியேறும் இளைஞர்களை வாயிலில் நின்று வழியனுப்ப வேண்டிய பொறுப்பு அவருடையது. அவர்கள் எங்கே சென்றார்கள்? சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராயினர். சிலர் விளம்பர நிறுவனங்களுக்கும், சிலர் திரைப்பட அரங்க அமைப்புக்கும், சிலர் துணிகளுக்கு வடிவம் வரையும் நெசவாளர் சேவை மையத்துக்கும் சென்றனர். பலர் சில ஆண்டுகளில் தூரிகையைத் தொடுவதையே விட்டனர். ஓவியத்தை வாங்குவோர் சிலரே. அவருள்ளும் அயல்நாட்டார் மிகுதி. வாங்குவோருக்கேற்ப வரைந்தால் பிழைக்கலாம். ஆனால் அது எவ்வகை ஓவியமாக இருக்கும்? வாங்குவோரைப் பொருட்படுத்தாமல் வரைந்தால் பட்டினி. தந்தி அலுவலகத்தில் இளமையைச் செலவிட்டவருக்கு இந்த இருதலைக்கொள்ளி நன்கு விளங்கியது.

பணிக்கர் கண்ட வழி எளியது. ஓவியன் தன் ஓவியத்தை நம்பிப் பிழைக்க வேண்டாம். தன் கையை நம்பிப் பிழைக்கட்டும். நாளின் ஒரு பகுதியில் கைவினைப் பொருள்கள் செய்து விற்று உணவுக்கு வழிதேடிக்கொண்டு, எஞ்சிய பொழுதில் எவருடைய விருப்பத்துக்கும் தலைவணங்காமல் வரையட்டும். கலை உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது என்ற பிரிவினை மேலைநாட்டுக் கலைப்பள்ளிகள் வழியே இங்கு வந்து ஊன்றியது. நீலகிரியின் கோத்தர்களை எடுத்துக்கொண்டால், கொல்லுலையில் இரும்பு அடித்தவரும் தோதவர், படகர் சடங்குகளில் கொம்பும் குழலும் ஊதியவரும் அவர்களே. அவர்தம் பெண்டிர் மட்பாண்டம் வனைந்தனர். எது கலை, எது தொழில் என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. பணிக்கர் தம் மாணவர்களிடம் எதிர்பார்த்ததும் ஏறத்தாழ இதுவே. ஆனால் கல்லூரியில் படித்துப் பட்டயம் பெற்ற இளைஞரை மெழுகுச் சட்டியின் முன் உட்கார வைப்பது எளிதன்று. தாமே முன்னின்றதால்தான் அது நடந்தது.

அறுபதுகளின் முற்பகுதியில் ஓவியர் கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. முதன்மையான தொழிலாகப் பாத்திக் அமைந்தது. வண்ணம் ஏறக்கூடாத இடங்களில் உருகிய மெழுகைத் தீட்டித் துணியைச் சாயத்தில் முக்குவது அதன் அடிப்படை. முதலில் வெளிர்நிறம், உலர்ந்தபின் அந்நிறம் நிலைக்க வேண்டிய இடங்களில் மீண்டும் மெழுகு, அதன்பின் அடர்நிறம். இவ்வாறு பலமுறை முக்கியெடுத்து, இறுதியில் கொதிநீரில் மெழுகை நீக்கினால் வடிவம் வெளிப்படும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்புகளைப் போன்ற மெல்லிய கோடுகள் உண்டாகும். வரையும் கைக்கும் அடுப்பைக் கவனிக்கும் கைக்கும் சாயத்தொட்டியில் துணியைப் புரட்டும் கைக்கும் இதில் வேலை உண்டு. ஒருவர் தனியாகவும் செய்யலாம். பலர் கூடிச் செய்தால் விரைந்தும் செம்மையாகவும் நடக்கும். தேர்ந்த ஓவியர்கள் வரைந்த துணிகள் என்பதால் கடைத்தெருவில் கிடைக்காத நயம் அவற்றில் இருந்தது. கண்காட்சி வைத்தபோது அவை விரைவாக விலைபோயின.

கையில் சேர்ந்த பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு கலைந்திருக்கலாம். அவர்கள் நிலம் வாங்கினர். சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரைக் கடந்து, ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டி ஏறத்தாழ 10 ஏக்கர் மணல்வெளி. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து செல்பவருக்கு அந்நாளைய தனிமையைக் கற்பனை செய்வதும் கடினம். சவுக்கும் பனையும் உப்புக்காற்றும் தவிர அங்கு வேறொன்றும் இல்லை. 1966இல் அங்கே சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியது. அக்கரையைச் சோழர் ஆண்டதால் ஏற்பட்ட பெயர் ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்தது. ஓவியர்கள் அதன் பழைய உருவத்தை மீட்டுத் தம் ஊருக்குச் சூட்டினர்.

முப்பதுக்கும் மேற்பட்டோர் இம்முயற்சியில் இணைந்தனர். பணிக்கரைவிட ஒன்பது ஆண்டுகளே இளையவரான சுல்தான் அலி, தகட்டுச் சிற்பத்தில் தனி வழி கண்ட ஜானகிராம், ரெட்டப்ப நாயுடு, எம்.வி. தேவன், சேனாதிபதி, வாசுதேவ், அவர் மனைவி அர்னவாஸ், கோபிநாத், ஜெயபால பணிக்கர், ஹரிதாசன், விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் என்று பெயர்கள் நீளும். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் அதில் இருந்தனர். அர்னவாஸ் பார்சி இனத்தவர். அரசு கட்டித் தந்த குடியிருப்பன்று அது. மடமும் அன்று. குருகுலம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒருவருடைய ஓவியம் மற்றவருடைய ஓவியத்தைப் போல இருக்கவில்லை என்பதே அதற்கு மறுப்பு. ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கும் பணத்துக்கும் ஏற்பக் குடிசையோ வீடோ எழுப்பிக்கொண்டனர். பட்டறையும் விற்பனைக் கூடமும் பொதுவானவை. கைவினை விற்பனையின் ஒரு பகுதி பொதுச் செலவுக்குச் சென்றது.

பணிக்கர் 1967இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, தம் எஞ்சிய ஆண்டுகளைக் கடற்கரையில் கழித்தார். சொற்களும் குறியீடுகளும் வரிசையின் பெரும்பகுதி அங்கு உருவானது. திறந்தவெளி அரங்கொன்றும் அமைந்தது. கவிதை வாசிப்பும் நாடகமும் இசையும் நடனமும் அதில் நிகழ்ந்தன. நகரத்து மக்கள் மணலில் அமர்ந்து பார்த்தனர். ஓவியத்தைச் சுவரில் பார்ப்பது மட்டுமே அறிந்திருந்தவர்கள் அதனை வரைந்தவரின் வீட்டு முற்றம்வரை நடந்து சென்று, உருவாகிக்கொண்டிருக்கும் வேலையைக் கண்டு, அவருடன் உரையாடித் திரும்ப முடிந்தது. கண்காட்சி என்ற சொல்லுக்குச் சென்னையில் ஒரு புதுப்பொருள் அப்போது உண்டாயிற்று எனலாம்.

இவ்வளவும் இனிதே நடந்தது என்று எழுதிவிட்டால் அது புகழுரையாகுமே தவிர வரலாறாகாது. பணிக்கரின் உடனாசிரியர்களான தனபால், முனுசாமி, சந்தானராஜ் போன்ற பெருங்கலைஞர்கள் நகரத்திலேயே தங்கிக் கல்லூரியின் வழியே தம் பணியைத் தொடர்ந்தனர். தமிழகத்து நவீன கலை முழுவதும் ஈஞ்சம்பாக்கத்து மணலில் முளைத்தது என்று கூறுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. சேர்ந்தவர்களிலும் சிலர் விலகினர். அறுபதுகளின் இறுதியில் விசுவநாதனும் நாராயணனும் பாரிசுக்குச் சென்று அங்கேயே நிலைத்தனர். தேவன் கேரளத்துக்குத் திரும்பிக் கலை அமைப்புகளைக் கட்டி எழுப்பினார். ஒரு வகையில் இதுவும் கிராமத்தின் விளைச்சலே.

எல்லாவற்றிலும் துயரமானது ராமானுஜத்தின் கதை. பேச்சும் நடையும் எளிதாக வாய்க்காத அவ்விளைஞரைச் சென்னை நகரம் ஏளனத்தோடு பார்த்தது. பணிக்கர் அவருக்குள் இருந்த ஓவியனைக் கண்டு கல்லூரியில் இடமளித்தார். பின்னர் கிராமத்திலும் இடம் தந்தார். மையும் பேனாவும் கொண்டு ராமானுஜம் நெய்த கனவு நகரங்கள், மாடமாளிகைகள், பறக்கும் பாம்புகள், அவற்றினிடையே தொப்பி அணிந்து உலவும் ஒரு சிறு உருவம் ஆகியவை இந்திய ஓவியத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. தொப்பிக்காரர் அவரேதான். வேறு எந்த நிறுவனமும் அவருக்கு இத்தனை ஆண்டுகள் கூரையும் தாளும் தந்திருக்காது. அப்படியிருந்தும் அவருடைய தனிமையை அந்த ஊரால் போக்க முடியவில்லை. 1973இல், முப்பதைச் சற்றே கடந்த வயதில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கூடி உழைக்கலாம், கூடி உண்ணலாம், கூடிக் கண்காட்சி வைக்கலாம். ஒருவருடைய இரவை மற்றவர் பகிர்ந்துகொள்ள ஒரு சங்க விதி போதுவதில்லை. தந்தைபோல் அவரைப் பேணிய பணிக்கருக்கு இது எத்தகைய அடியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1976இல் லலித் கலா அகாடமி பணிக்கருக்குத் தன் உயரிய உறுப்பினர் தகுதியை வழங்கியது. அடுத்த ஆண்டு சனவரியில், அறுபத்தைந்தாம் வயதில், அவர் சென்னையில் மறைந்தார். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுதி ஒன்று திருவனந்தபுரத்துக்குச் சென்றது. அங்கு அவர் பெயரால் ஒரு கூடம் 1979இல் திறக்கப்பட்டது. அவர் பிறந்த கோயம்புத்தூரிலும் வாழ்ந்து உழைத்த சென்னையிலும் அரசு சார்பில் அதற்கு இணையான ஒன்று எழவில்லை என்பது தமிழர் எண்ணிப்பார்க்கத்தக்கது.

நிறுவியவர் மறைந்ததும் இத்தகைய குடியிருப்புகள் சிதைந்துபோவதையே உலகெங்கும் காண்கிறோம். சோழமண்டலம் சிதையவில்லை. நிலம் உறுப்பினர்களுடையதாகவும் சங்கம் அவர்களாலேயே நடத்தப்படுவதாகவும் இருந்தது அதற்குக் காரணம். ஓவியங்களும் சிற்பங்களும் தாமே விலைபோகத் தொடங்கியபின் மெழுகுச் சட்டியின் தேவை குறைந்தது. எந்தத் தொழில் அந்நிலத்தை வாங்கித் தந்ததோ அது மெல்ல மெல்லப் பின்னுக்குச் சென்றது. பணிக்கர் கருதியதும் அதுவேயாக இருக்கலாம். ஏணி ஏறியவர் அதனைச் சுமந்துகொண்டு நடப்பதில்லை. கடற்கரைச் சாலை அகன்றது. பக்கத்து மணல்வெளிகள் மனைகளாகிப் பொன்விலை பெற்றன.

பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் இணைத்து முன்புறப் பார்வைக்கென்றே அமைந்த சிற்பங்களை ஆக்கிப் புகழ்பெற்றவர். தந்தை விட்டுச்சென்ற சங்கத்தின் பொறுப்புகளையும் அவர் நெடுங்காலம் சுமந்தார். அவரும் தோழர்களும் முயன்று 2009இல் கிராமத்துக்குள் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தனர். சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகள், கிராமத்தில் குடியிருந்தோருடையவையும் குடியிருக்காதோருடையவையும், அங்கே ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து மாட்டப்பட்டன.